வாசகர் கேள்வி – பதில்: கெண்டைக்கால் முதல் உள்ளங்கால் வரை

கால் தசைகள் பற்றி வந்த கேள்விகளுக்கு எங்கள் இயன்முறை மருத்துவக் குழு பதில் தருகிறது.

ஜவுளிக்கடையில் காலை பத்து மணி முதல் இரவு ஒன்பது வரை நின்றே வேலை. சாயங்காலம் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்துவிடுகிறது. நடந்தால் அவ்வளவாக வீக்கம் வருவதில்லை. ஏன்?
– விற்பனைப் பெண், ஈரோடு

பாதத்துக்கு இறங்கிய ரத்தம் மறுபடி இதயத்துக்கு ஏற, கெண்டைக்கால் தசை அதைத் தள்ளிவிட வேண்டும். வெளியே உருண்டு தெரிவது காஸ்ட்ராக்னீமியஸ். அதற்கு உள்ளே பலகை போலப் படிந்திருப்பது சோலியஸ். நடக்கும்போது இவை சுருங்குவதும் தளர்வதுமாக இருக்கும். ஒவ்வொரு சுருக்கத்திலும் ஆழத்தில் உள்ள சிரைகள் பிழியப்பட்டு ரத்தம் மேலேறும். ஏறிய ரத்தம் இறங்கிவிடாமல் சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கும். அசையாமல் நிற்கும்போதும் உடல் முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது சோலியஸ்தான். ஆனால் அப்போது அது இறுகியே இருக்கிறது, சுருங்கித் தளர்வதில்லை. அதனால் ரத்தம் கீழேயே தேங்குகிறது, நீர் கசிந்து கணுக்கால் வீங்குகிறது. வருடக்கணக்கில் இப்படியே போனால் வால்வுகள் தளர்ந்து வெரிகோஸ் வெயின் வரலாம்.

அரை மணிக்கு ஒரு தடவை கவுண்டரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை 15 முறை தூக்கி இறக்குங்கள். வீட்டுக்குப் போனதும் படுத்து, கால்களை நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தலையணையில் 15 நிமிடம் வையுங்கள். அழுத்தக் காலுறை போடுவதென்றால் காலையில், வீக்கம் வரும் முன்பே போட வேண்டும். சர்க்கரை நோயோ காலில் ரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அதைப் போடக் கூடாது. இன்னொன்று: கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-லேயே திருத்தம் வந்துவிட்டது. உட்கார இடம் கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் எண்ணெய் தேய்க்கவோ நீவவோ வேண்டாம். சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

அம்மாவுக்கு 52 வயது. நாலு நாள் குந்தி உட்கார்ந்தே களையெடுத்தார். இப்போது வலது பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. செருப்பு கழன்றுவிடுகிறது, கால் நுனி தரையில் தட்டுகிறது. வலி இல்லை. பக்கவாதமா?
– வாசகர், பெரம்பலூர்

பக்கவாதமென்றால் பெரும்பாலும் முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது, அதே பக்கக் கை சோர்வது என்று ஏதாவது கூடவே வரும். அப்படி ஒன்று இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் நரம்பு நசுங்கிய மாதிரிதான் தெரிகிறது.

முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே தடவிப் பார்த்தால் உருண்டையாக ஓர் எலும்பு தட்டுப்படும். அது ஃபிபுலா எலும்பின் தலை. அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு அடியிலேயே பெரோனியல் நரம்பு போகிறது. மணிக்கணக்கில் குந்தியிருந்தால் அந்த இடத்தில் நரம்பு இழுபட்டு நசுங்கும். பாதத்தை மேலே தூக்கும் டிபியாலிஸ் ஆன்டீரியர், விரல்களை நிமிர்த்தும் தசைகள், பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும் பெரோனியஸ் தசைகள் எல்லாமே இந்த நரம்பை நம்பியவை. அதனால்தான் பாதம் தொங்குகிறது.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். அம்மாவை உட்கார வைத்து, வலது பாதத்தை உள்பக்கமாகத் திருப்பச் சொல்லி, உங்கள் கையால் தடுத்துப் பாருங்கள். அந்த வேலையைச் செய்யும் டிபியாலிஸ் போஸ்டீரியர் தசைக்கு வேறு நரம்பு. உள்பக்கம் திருப்பும் பலம் நன்றாக இருந்தால் கோளாறு முழங்கால் பக்கத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். அதுவும் சோர்ந்திருந்தால் இடுப்பு முதுகெலும்பில் டிஸ்க் அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். எதுவானாலும் ஓரிரு நாளில் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இல்லையே என்று தள்ளிப்போடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

அதுவரை குந்துவதும் கால்மேல் கால் போடுவதும் கூடாது. பின்வார் உள்ள செருப்பு போடட்டும். தூக்க முடியாத பாதம் கீழ்நோக்கியே கிடந்தால் கெண்டை குறுகி இறுகிவிடும். ஆகவே முழங்காலை நீட்டி வைத்து, பாதத்தைக் கையால் மேல்நோக்கித் தள்ளி 30 விநாடி பிடியுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு ஐந்து முறை. பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையும் கிடைக்கிறது, அளவு பார்த்துப் போட்டால் தடுக்கி விழுவது குறையும். வெறும் அழுத்தத்தால் வந்தது பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தேறிவிடும். மறுபடி வயலுக்குப் போகும்போது நின்றபடி தள்ளும் களைக்கருவியைப் பயன்படுத்தட்டும், முடியாவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்கட்டும்.

உள்பக்கக் கணுக்காலுக்குப் பின்னால் வலி. அந்தப் பாதம் வரவரத் தட்டையாகிறது. செருப்புக்குள் மெத்தை வைத்தால் போதுமா?
– 48 வயது வாசகி, திருச்சி

மேலே சொன்ன டிபியாலிஸ் போஸ்டீரியரின் தசைநாண்தான் அந்த இடத்தில் வளைந்து இறங்கி, பாத வளைவைத் தூக்கிப் பிடிக்கிறது. அது நைந்தால் வளைவு சரியும். சுவரைத் தொட்டுக்கொண்டு அந்த ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்குங்கள், வீட்டில் யாராவது பின்னாலிருந்து பார்க்கட்டும். தூக்கும்போது குதிகால் உள்பக்கம் சாய வேண்டும். சாயாவிட்டாலோ, தூக்கவே முடியாவிட்டாலோ சந்தேகம் இந்தத் தசைநாண் மேல்தான்.

மெத்தை மட்டும் போதாது. வளைவைத் தாங்கும் இன்சோல் தேவை, தசைக்குப் பயிற்சியும் தேவை. இரண்டு குதிகால்களுக்கும் நடுவே டென்னிஸ் பந்தை இறுக்கிக்கொண்டு, இரண்டு காலாலும் மெதுவாக எழும்பி மெதுவாக இறங்குங்கள். பத்துப் பத்தாக மூன்று சுற்று, ஒன்றுவிட்டு ஒரு நாள். மறுநாள் வலி கூடினால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். மூட்டு இறுகிய பிறகு பயிற்சியால் பெரிய பலன் இருக்காது, அதனால் இப்போதே ஆரம்பியுங்கள்.

நடுராத்திரியில் கெண்டை இழுத்துக்கொள்கிறது. உடனே என்ன செய்வது?
– வாசகர், நாகர்கோவில்

முழங்காலை நீட்டி, கால் விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடியுங்கள், விட்டுவிடும். முழங்காலை மடக்கிக்கொண்டு இழுத்தால் காஸ்ட்ராக்னீமியஸ் நீளாது. அது முழங்காலுக்கு மேலே தொடை எலும்பிலிருந்து தொடங்கும் தசை. தூங்கப் போகும் முன் சுவரில் கைகளை ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழாமல் 30 விநாடி வீதம் மூன்று முறை கெண்டையை நீட்டுங்கள். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். இதற்காகக் குவினைன் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். ரத்தத்தையும் இதயத் துடிப்பையும் அது மோசமாகப் பாதிக்கக்கூடும்.