ரிச்சர்ட்ஸனின் கணக்கும் காற்றின் காலடியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வானிலைக் கணிப்பின் வரலாறு பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். வானிலையைக் கணக்குப் போட்டே கணிக்க முயன்ற லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்ஸனின் கணிப்பு தோற்றதற்கு அவர் எடுத்த டைம் ஸ்டெப் (கணக்கு ஒரே தாவலில் கடக்கும் நேரம்) பெரிதாக இருந்ததே காரணம் என்று எழுதியிருந்தீர்கள். இன்று கணினிகள் இவ்வளவு வேகமாகிவிட்டன. ஸ்டெப்பை வேண்டிய மட்டும் சிறிதாக்கிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே? பிறகு இந்தத் துறையில் இன்னும் எதை ஆராய்கிறார்கள்?

நான் கணிதம் முதுகலை படிக்கிறேன். ஒரு புகைத்திரளைக் காற்று தள்ளிக்கொண்டு போவதை ஒற்றைப் பரிமாணத்தில் நிரலாக எழுதிப் பார்த்தேன். இடத்துக்கு இருபக்க மதிப்புகளின் வித்தியாசம், காலத்துக்கு நேராக ஒரு ஸ்டெப் முன்னால். எண்கள் எல்லையில்லாமல் பெருகி வெடித்துவிட்டது. ஸ்டெப்பைப் பாதியாக்கினேன், கால்வாசியாக்கினேன். கொஞ்சம் தாமதமாக வெடிக்கிறது, அவ்வளவுதான்.

ர.

அன்புள்ள ர.,

முதலில் என் பிழையைத் திருத்திவிடுகிறேன். ரிச்சர்ட்ஸனைப் பற்றி நான் எழுதியது தவறு. பலரும் சொல்வதை நானும் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

1910 மே 20 காலை 7 மணி நிலவரத்தை வைத்து, ஆறு மணி நேரத்தில் நடு ஐரோப்பாவின் ஓரிடத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று அவர் கையாலேயே கணக்கிட்டார். முதல் உலகப்போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் பிரிவில் இருந்தபோதும் அந்த வேலையை விடவில்லை. வந்த விடை 145 மில்லிபார் ஏற்றம். அன்று அழுத்தம் கிட்டத்தட்ட அசையவே இல்லை. 1922-இல் புத்தகம் போட்டபோது இந்தத் தோல்வியை மறைக்காமல் அச்சிட்டார் என்பது எனக்கு அவர்மேல் உள்ள மரியாதைக்கு முக்கியக் காரணம்.

ஆனால் அவர் வைத்தது ஒரே ஒரு ஸ்டெப். நிலையின்மை, அதாவது ஸ்டெப்புக்கு ஸ்டெப் பிழை பெருகுவது, வட்டிக்கு வட்டி மாதிரி; குட்டி போடப் பல தவணை வேண்டும். அவரைக் கவிழ்த்தது தொடக்கத் தரவு. வளிமண்டலத்தில் ஓர் உயரத்தில் காற்று குவிந்தால் இன்னோர் உயரத்தில் விரியும். இரண்டும் ஏறக்குறைய கழிந்து, மிஞ்சும் துளிதான் தரையில் அழுத்த மாற்றமாகத் தெரியும். பலூன் அளவீட்டில் இருந்த சிறு பிழைகள் அந்தக் கழித்தலைக் கெடுத்து, இல்லாத ஈர்ப்பலைகளை (புவியீர்ப்பால் காற்று மேலும் கீழும் ஊசலாடும் அலைகள்) கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டன. அயர்லாந்தின் பீட்டர் லிஞ்ச் பிற்காலத்தில் அதே தரவை முதலில் வடிகட்டிவிட்டு அதே கணக்கைப் போட்டார். மாற்றம் 1 மில்லிபாருக்கும் குறைவு.

ரிச்சர்ட்ஸன் மேலும் தொடர்ந்திருந்தால் நீங்கள் சொல்லும் ஸ்டெப் பிரச்சினையிலும் மாட்டியிருப்பார். (டைம் ஸ்டெப்பை இனி ‘காலடி’ என்றே எழுதுகிறேன். கால அடி, காலடி. தமிழ் சும்மா கொடுத்த சொல், விடுவானேன்?) அந்த விதியை கூராண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் கண்டு சொன்னது 1928-இல்தான். ஊர்க்கதையாகச் சொன்னால் இப்படி: ஒரு வதந்தி ஒரே நாளில் ஐந்து ஊர் தாண்டிப் போகிறது. நீங்கள் பக்கத்து ஊரில் மட்டும் விசாரித்துவிட்டு, நாளை உங்கள் ஊரில் என்ன பேசுவார்கள் என்று சொல்லப்பார்க்கிறீர்கள். விஷயமே உங்கள் காதுக்கு எட்டியிருக்காது. ஆகவே கணக்குக்காக இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்தால், ஒரு காலடிக்குள் எந்த அலையும் ஒரு கட்டத்தைத் தாண்டக்கூடாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். காற்றில் மிக வேகமாக ஓடுவது ஒலி, விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். வளிமண்டலத்தின் கணினி மாதிரியில் தரையை ஒட்டிய அடுக்கின் தடிமன் 20 மீட்டர் என்றால் ஒலி அதை 0.06 விநாடியில் கடந்துவிடும். விதிக்கு அடங்கி நடந்தால் பத்து நாள் கணிப்புக்கு ஒன்றரைக் கோடிக் காலடி வைக்க வேண்டும். மழை வருமா என்று கேட்டவருக்கு அந்த ஒலியால் ஒரு பயனும் இல்லை. கணினி வேகமானால் தீராதா என்கிறீர்கள். வேகம் கூடினால் யாரும் பழைய கட்டத்திலேயே நிற்பதில்லை. கட்டத்தின் நீள அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்கு, காலடியும் பாதி, ஆக வேலை எட்டு மடங்கு. வந்த வேகத்தை அதுவே விழுங்கிவிடும்.

அதனால் நமக்கு வேண்டாத அலைகளை மலிவாகக் கையாளும் வழிகளைத் தேடினார்கள். சார்னி, ஃபியோர்டாஃப்ட், ஃபான் நாய்மன் குழு 1950-இல் எனியாக் கணினியில், ஒலியும் ஈர்ப்பலையும் இல்லவே இல்லாத எளிய சமன்பாட்டை வைத்துத் தப்பித்தது. அப்படியும் 24 மணி நேரக் கணிப்புக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் பிடித்தது. கனடாவின் ஆந்த்ரே ரொபேர் முழுச் சமன்பாட்டையும் வைத்துக்கொண்டே வழி கண்டார். வேகமான அலைகளை மட்டும் பிரித்து, எல்லா ஊரையும் ஒரே பஞ்சாயத்தில் உட்காரவைத்து, நாளைய மதிப்புகளைச் சேர்த்தே தீர்ப்பது ஒன்று, இதுதான் செமி-இம்ப்ளிசிட். காற்று எங்கிருந்து கிளம்பியதோ அந்த ஊருக்கே போய் விசாரிப்பது மற்றொன்று, செமி-லக்ராஞ்சியன். ஐரோப்பிய நடுத்தரகாலக் கணிப்பு மையம் இரண்டையும் சேர்த்து, 9 கிலோமீட்டர் கட்டத்தில் 450 விநாடிக் காலடி வைக்கிறது. உயரத்தில் விநாடிக்கு 100 மீட்டர் ஓடும் ஜெட் காற்று அதற்குள் ஐந்து கட்டம் தாண்டிவிடும். மாதிரி அசருவதில்லை.

இலவசமாக எதுவும் கிடைக்கவில்லை. பஞ்சாயத்து முறையில் வேகமான அலைகள் உண்மையைவிட மெதுவாக நகரும். ஊரைத் தேடிப் போகும் முறையில் மொத்தக் காற்றின் நிறை துல்லியமாகக் காக்கப்படாது, தனியாகச் சரிக்கட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான செயலிகளுக்கு வேலையைப் பங்கிடும்போது எல்லோரும் ஒரே பஞ்சாயத்துக்கு வர வேண்டியிருப்பதே தலைவலி. அதனால் செங்குத்தில் மட்டும் பஞ்சாயத்து, கிடையில் குட்டிக் குட்டிக் காலடிகள் என்று போகிறவர்களும் உண்டு. என் சாய்வு அவர்கள் பக்கம்.

காலடியைச் சிறிதாக்கினாலும் தீராத நோய் ஒன்றும் இருக்கிறது. நார்மன் ஃபிலிப்ஸ் 1956-இல் வளிமண்டலத்தின் பொதுச் சுழற்சியைக் கணினியில் ஓட்டினார். முதல் முயற்சி அது. சில வாரக் கணக்கு ஓடியதும் கலைந்து போனது. 1959-இல் காரணத்தையும் அவரே சொன்னார். சினிமாவில் வண்டிச்சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரியுமே, அதுபோலக் கட்டத்தில் அடங்காத சிற்றலைகள் வேறு அலைகளாக வேஷம் போட்டு ஆற்றலைக் குவிக்கின்றன. இதற்கு மருந்து 1966-இல் அகியோ அரகாவாவிடமிருந்து வந்தது: ஆற்றலும் சுழற்சியின் வர்க்கமும் கூடாமல் குறையாமல் இருக்கும்படி வித்தியாச வாய்பாட்டையே மாற்றி எழுதினார். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த காரியம் இது.

உங்கள் நிரலின் கோளாறு வேறு. நீங்கள் எடுத்த வாய்பாடு எந்தக் காலடியிலும் நிலையற்றது. பாதியாக்கினால் வெடிப்பு ஏறக்குறைய இரு மடங்கு நேரம் தள்ளிப்போகும், நிற்காது. காற்று மேற்கிலிருந்து வரும்போது கிழக்கு வீட்டுக்காரரையும் சரிசமமாக விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். காற்று வரும் பக்கத்தை மட்டும் கேட்கும்படி மாற்றுங்கள். காற்று ஒரு காலடியில் சரியாக ஒரு கட்டம் நகரும்படி வைத்தால் புகை கலையாமல் அப்படியே போகும். பிறகு ஒரு காலடியில் அரைக் கட்டம் மட்டும் நகரும்படி ஓட்டுங்கள். வெடிக்காது. ஆனால் வரைபடத்தில் குன்றாக நின்ற புகை கரைந்து தாழ்ந்த மேடாகிவிடும். இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து அனுப்புங்கள், அதை வைத்து அடுத்த கடிதத்தில் பேசலாம்.