வாசகர் கேள்வி – பதில்: இறந்தால் முதலிலிருந்து

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன், ஏற்காட்டில் இருக்கும் தன் பெரியப்பா மகனுடன் ஞாயிறு இரவுகளில் இணையம் வழியாக 'ரிஸ்க் ஆஃப் ரெயின் 2' என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடுகிறான். சாப்பிடக் கூப்பிட்டால், "பாதியில நிறுத்த முடியாதும்மா" என்கிறான். தோற்றுவிட்டாலோ, சேர்த்ததெல்லாம் போய்விட்டது என்று முகம் வாடி உட்கார்ந்துவிடுகிறான். நிறுத்த முடியாது என்பது சாக்கா? இப்படியொரு ஆட்டம் பிள்ளைகளுக்குத் தேவைதானா?
– வாசகி, அழகாபுரம், சேலம்

பதில்: சாக்கு இல்லை அம்மா, உங்கள் மகன் சொல்வது உண்மைதான். தனியாக ஆடினால் இடையில் நிறுத்தி வைக்கலாம். இருவர் சேர்ந்து ஆடும்போது அது முடியாது. திரையின் வலது மேல் மூலையில் கடிகாரமும் அதன் கீழே கடுமையைக் காட்டும் பட்டையும் ஓடிக்கொண்டே இருக்கும். நேரம் ஆக ஆக எதிரிகளின் வலு கூடும் என்பதால், ஒருவன் எழுந்து போனால் மற்றவன்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டும். ஐந்து கட்டங்களைக் கடந்து, நிலவில் நடக்கும் கடைசிச் சண்டை வரை போவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகவே நடுவில் கூப்பிடுவதைவிட, ஆட்டம் தொடங்கும் முன்பே சாப்பாட்டை முடித்துவிடச் சொல்லுங்கள்.

உங்கள் மகனின் முகவாட்டத்துக்குக் காரணம், இறந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற விதி. இந்த வழக்கம், 1980-இல் மைக்கேல் டாய், கிளென் விக்மன் என்ற அமெரிக்க மாணவர்கள் உருவாக்கிய 'ரோக்' என்ற கணினி விளையாட்டால் பரவியது. திரும்பப் பெற முடியாது என்று தெரிந்தால்தான் ஒவ்வொரு முடிவையும் ஆடுபவர் யோசித்து எடுப்பார். உங்கள் மகன் ஆடும் விளையாட்டில் இழப்பு அவ்வளவு முழுமையானதும் அல்ல. அந்த ஒரு ஆட்டத்தில் சேர்த்த, வீரனின் பலத்தைக் கூட்டும் பொருட்கள் போனாலும், திறந்துவைத்த புதிய வீரர்களும் பொருள் வகைகளும் அடுத்த ஆட்டத்துக்கு நிற்கும். ஒருவன் மட்டும் இறந்தால், கூட்டாளி உயிரோடு அந்தக் கட்டத்தை முடித்தவுடன் அடுத்த கட்டத்தில் அவன் திரும்பி வந்துவிடுவான். இருவரும் விழுந்தால்தான் எல்லாம் முடிகிறது.

பிள்ளைகளுக்குத் தேவையா என்றால், இந்த ஆட்டத்தில் நான் மிகவும் மதிப்பது ஆங்காங்கே வைக்கப்பட்டிருக்கும் பொருள் பெட்டிகளைத்தான். ஆட்டத்துக்குள் சம்பாதித்த காசைக் கொடுத்துப் பெட்டியைத் திறந்தால் ஒரே ஒரு பொருள் துள்ளி வந்து தரையில் விழும். யார் முதலில் தொடுகிறாரோ அவருக்கே அது சொந்தம். எடுத்த பிறகு இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்க வழியில்லை. எல்லாவற்றையும் தானே அள்ளிக்கொள்பவன், பலமிழந்த கூட்டாளியை வைத்துக்கொண்டு கடைசிச் சண்டைக்குப் போக வேண்டியிருக்கும். "இது உனக்குத்தான் உதவும், நீ எடுத்துக்கோ" என்று அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வது உங்கள் காதில் விழுந்தால், அந்த ஒரு மணி நேரம் வீணாகவில்லை என்றே நான் கொள்வேன். முகவாட்டம் அடுத்த வேளை சாப்பாட்டுக்குள் தீர்ந்துவிட்டால் கவலைப்படாதீர்கள். தூக்கத்தையும் படிப்பையும் தொட்டால் தேர்வு முடியும்வரை நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: எஸ்டேட் வீட்டில் மழை வந்தால் மின்சாரம் போய், சேலத்தில் இருக்கும் நண்பனுடன் ஆடும் ஆட்டம் அறுந்துவிடுகிறது. வழி உண்டா?
– கல்லூரி மாணவர், ஏற்காடு

பதில்: இதே விளையாட்டென்றால், ஆட்டத்தை நடத்துபவரின் (மற்றவர்கள் யாருடைய ஆட்டத்தில் சேர்கிறார்களோ அவரின்) இணைப்பு போனால் எல்லோருக்கும் போய்விடும். ஆகவே சேலத்தில் இருக்கும் நண்பரே நடத்தட்டும், நீங்கள் சேர்ந்துகொள்ளுங்கள். அப்போது உங்கள் இணைப்பு அறுந்தாலும் அவராவது தொடரலாம். கணினியோடு ரவுட்டருக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்து, வைஃபைக்குப் பதிலாகக் கேபிளைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: இறந்தால் முதலிலிருந்து தொடங்கும் இந்த வகைத் துப்பாக்கி விளையாட்டுகளில் புதிதாகத் தொடங்க எது நல்லது?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: நான்கு பேர் வரை ஆடக்கூடிய 'கன்ஃபயர் ரீபார்ன்'. கீழே விழுந்த கூட்டாளியை அருகில் போய் எழுப்பிவிடலாம். தோற்றாலும் கையில் மிஞ்சுவதைக் கொண்டு நிரந்தரத் திறன்களை வாங்கலாம் என்பதால் தொடக்கத்தில் சோர்வு தட்டாது. இருவர் மட்டும் என்றால் 2023-இல் முழுமையாக வெளிவந்த 'ரோபோக்வெஸ்ட்' பொருந்தும்.