பதவி கிடைக்காத நட்பு நாட்டை எப்படி ஆற்றுவது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: 2024இல் நேட்டோ செயலாளர் நாயகம் பதவிக்கு ருமேனிய ஜனாதிபதி போட்டியிட்டுப் பிறகு விலகினார். அதன்பின் ருமேனியா கோபித்துக்கொண்டு விலகி நின்றதாகத் தெரியவில்லை. தோற்ற நாட்டை எப்படிச் சமாளித்தார்கள்?
*உயர்தர அரசறிவியல் மாணவி, நெல்லியடி*

பதில்: அந்தப் பதவிக்கு வாக்கெடுப்பே கிடையாது. நேட்டோ இராணுவக் கூட்டின் 32 உறுப்பு நாடுகளும் ஒரே பெயருக்கு ஒத்துக்கொள்ளும் வரை தலைநகரங்களுக்கிடையே பேச்சு நடக்கும். எல்லோரும் இணங்கிய பிறகுதான் பெயர் உறுப்பு நாடுகளின் வட அத்திலாந்திக் சபைக்கு வரும். யாருக்கு எத்தனை பேர் ஆதரவு என்ற கணக்கு எந்த ஏட்டிலும் ஏறாது. ஆகவே போட்டியிட்டவர் விலகலாம், ஆனால் பதிவில் தோற்கமாட்டார். ஏமாற்றத்தை ஆற்றும் வேலையில் பாதியை இந்த ஏற்பாடே செய்துவிடுகிறது.

மீதிப் பாதியை நாள்வரிசையாகப் பாருங்கள். 2024 பெப்ரவரி 22ஆம் திகதியளவில் அமெரிக்கா, பிரித்தானியா, ஜேர்மனி, பிரான்ஸ் ஆகிய நான்கும் நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டேக்கு ஆதரவு என்று வெளிப்படுத்திவிட்டன. மார்ச் 12ஆம் திகதி ருமேனியாவின் கிளவுஸ் யோஹானிஸ் தானும் போட்டியிடுவதாக அறிவித்தார். கிழக்கு ஐரோப்பாவுக்கும் உயர்பதவிகளில் உரிய இடம் வேண்டும் என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் இருக்கிறது. 1952இலிருந்து இதுவரை 14 செயலாளர் நாயகங்கள் வந்திருக்கிறார்கள். முன்னாள் கிழக்கு முகாமிலிருந்து ஒருவர்கூட இல்லை. நெதர்லாந்திலிருந்து மட்டும் நால்வர். அந்த மனக்குறை இருக்கும்போது பெரிய நாடுகள் நான்கும் முந்திக்கொண்டு பெயர் சொன்னது பிழை என்பது என் கருத்து. சிறிய நாடுகளைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருந்தால் புண்ணின் ஆழம் குறைந்திருக்கும்.

பிறகு நடந்தது மிகக் கவனமான வேலை. ஏப்ரல் இறுதியில் துருக்கி இணங்கியது. ஹங்கேரி எழுத்தில் உறுதி கேட்டது. உக்ரேனுக்கான நேட்டோ பணிகளில் ஹங்கேரியை இழுக்கக்கூடாது என்ற உடன்பாட்டைத் தானும் மதிப்பதாக ருட்டே கடிதம் கொடுத்தார். ஜூன் 18இல் ஹங்கேரியும் சிலோவாக்கியாவும் இணங்கின. எஞ்சியது ருமேனியா மட்டும். ஜூன் 20இல் யோஹானிஸ் விலகியது தெரியவந்தது. 26இல்தான் சபை ருட்டேயைத் தெரிவு செய்தது. இடையில் ஆறு நாள். விலகல் முன்னே, தெரிவு பின்னே வரவேண்டும். இந்த வரிசை புரண்டால் அதே செய்தி "நிராகரிக்கப்பட்டார்" என்று தலைப்பாகிவிடும்.

அதே ஜூன் 20இல் ருமேனியாவின் உயர் பாதுகாப்புச் சபை இன்னொரு முடிவும் எடுத்தது: உக்ரேனுக்கு ஒரு பேட்ரியட் வான்காப்புத் தொகுதி கொடுப்பது. அதற்கு ஈடான தொகுதி ஒன்றைத் தான் பெறுவதற்கான பேச்சை நேச நாடுகள், குறிப்பாக அமெரிக்கா, தொடரவேண்டும் என்று நிபந்தனையும் போட்டது. விலகும் நாடு வெறுங்கையோடு விலகவில்லை, கொடுக்கும் நாடாக நின்று விலகியது. உள்ளூர் மக்களிடம் சொல்வதற்கு அந்த அரசுக்கு ஒரு கௌரவமான செய்தி கிடைத்தது.

செய்முறையாகக் கேட்டால் இவ்வளவும் கவனிக்கவேண்டும். முடிவைத் தலைவரே தலைவருக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். தூதுவர் வாயிலாகப் போனால் அதுவே அவமதிப்பு. பத்திரிகைக்குப் போகமுன் சொல்லவேண்டும். கலியாணம் பேசிச் சரிவராவிட்டால் பெண் வீட்டாருக்கு ஊர்வாயால் தெரியவரக்கூடாது என்பது போலத்தான். "அடுத்த முறை உங்களுக்குத்தான்" என்று மட்டும் சொல்லக்கூடாது. அடுத்த முறை வரும்போது சொன்னவர் பதவியில் இருக்கமாட்டார், கேட்டவர் மறந்திருக்கமாட்டார். ஈடு பற்றிய பேச்சையும் அதே அழைப்பில் எடுக்கக்கூடாது. விலைபேசுவது போலாகிவிடும். அதை வெளிவிவகார, பாதுகாப்பு அமைச்சர்கள் சில நாள் கழித்துப் பேசட்டும்.

கேள்வி: ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்றைக் கொடுத்துச் சமாதானம் செய்வது உண்மையில் பலிக்குமா?
*ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கோப்பாய்*

பதில்: பலிக்கும், கொடுக்கும் பதவிக்கு அதிகாரம் இருந்தால். சிறந்த உதாரணம் 1952தான். நேட்டோவின் அத்திலாந்திக் கடற்பரப்பு உயர் கட்டளையை அமெரிக்க அட்மிரல் ஒருவரிடம் கொடுப்பதை சர்ச்சில் கடுமையாக எதிர்த்தார். கடலை ஆண்ட நாட்டுக்கு அது பெரிய அடி. 1952 ஜனவரியில் வொஷிங்டனில் வைத்து விட்டுக்கொடுத்தார். அட்மிரல் லிண்ட் மக்கோமிக் நோர்போக்கில் பொறுப்பேற்றார். பிரித்தானியாவுக்கு வந்தவற்றைப் பாருங்கள். ஆங்கிலக் கால்வாய்க் கட்டளை அதன் கைக்கு வந்தது. அது அத்திலாந்திக் கட்டளைக்குக் கீழ்ப்பட்டதல்ல, அதற்குச் சமமான தனிக் கட்டளை. அதே ஆண்டு நேட்டோவின் முதலாவது செயலாளர் நாயகமாக இஸ்மே பிரபு வந்தார். 1953இல் மோல்டாவிலிருந்து இயங்கிய மத்தியதரைக் கடற்கட்டளை பிரித்தானிய அட்மிரல் மவுண்ட்பேட்டனிடம் போனது. மூன்றுமே பெயருக்கு இருந்த கதிரைகள் அல்ல.

2009 வேறுமாதிரி. டென்மார்க் பிரதமர் ரஸ்முசனைச் செயலாளர் நாயகமாக ஏற்கத் துருக்கி மறுத்தது. நபிகள் கேலிச்சித்திர விவகாரத்தில் அவர் நடந்துகொண்ட முறையும், டென்மார்க்கிலிருந்து இயங்கிய குர்திஷ் தொலைக்காட்சியும் காரணங்கள். ஸ்ட்ராஸ்பேர்க் உச்சிமாநாட்டில் ஒபாமா இடையில் நின்று பேசி இணங்கவைத்தார். நேட்டோ உயர்பதவிகளில் இடம் என்பதும் அந்தப் பேச்சில் இருந்தது. துருக்கியர் ஒருவர் உதவிச் செயலாளர் நாயகமாக வந்தது 2010இல்தான்.

இத்தகைய வாக்குறுதிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். ஒன்று, நியமிக்கும் அதிகாரம் இல்லாதவர் வாக்குக் கொடுப்பது. மற்றது, நெருக்கடியில் ஒரே கதிரையை இருவருக்குச் சொல்லிவிடுவது. எந்தப் பதவி, யார் நியமிப்பார், எந்தத் திகதிக்குள் என்ற மூன்றையும் எழுதிவைக்காத ஈடு ஈடே அல்ல. ருமேனியா விடயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. துணைச் செயலாளர் நாயகமாக 2019 முதல் இருந்தவரே ருமேனியர், மிர்சியா ஜோவானா. இரண்டாம் கதிரையை ஏற்கெனவே வைத்திருக்கும் நாட்டுக்கு அதையே ஆறுதலாகக் கொடுக்கமுடியாது.

கேள்வி: ஏமாற்றத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்?
*பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி*

பதில்: பிரான்ஸைப் படியுங்கள். 1958 செப்டெம்பரில் பிரெஞ்சுத் தலைவர் டி கோல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் பிரித்தானியப் பிரதமர் மக்மிலனுக்கும் ஒரு குறிப்பாணை அனுப்பினார். அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து உலகளாவிய பாதுகாப்பு முடிவுகளை எடுக்கவேண்டும் என்பது கோரிக்கை. மற்ற நேச நாடுகளை ஒதுக்கும் அந்தத் திட்டத்தை ஏற்கமுடியாதுதான். ஆனால் தெளிவாக "முடியாது" என்று சொல்லி, முடிந்தது எது என்று காட்டியிருக்கவேண்டும். அதற்குப் பதில் மரியாதையான மழுப்பல் நீண்டது. 1959 மார்ச்சில் பிரான்ஸ் தன் மத்தியதரைக் கடற்படையை நேட்டோ கட்டளையிலிருந்து எடுத்தது. 1966இல் ஒருங்கிணைந்த இராணுவக் கட்டமைப்பை விட்டே வெளியேறியது. நேட்டோ தலைமையகம் பாரிஸிலிருந்து பிரசல்ஸுக்கு மாறவேண்டி வந்தது.

திரும்பிவரும் பேச்சு 1996இலும் நடந்தது. நேப்பிள்ஸிலுள்ள தென் கட்டளையை ஐரோப்பியர் ஒருவருக்குக் கொடுக்கும்படி பிரெஞ்சு ஜனாதிபதி சிராக் கேட்டார். அமெரிக்காவின் ஆறாவது கடற்படை அந்தப் பகுதியில் இயங்குவதால் வொஷிங்டன் அசையவில்லை. பேச்சு முறிந்தது. ஜனாதிபதி சார்க்கோசி காலத்தில் 2009இல்தான் பிரான்ஸ் திரும்பியது. அப்போது அதற்குக் கிடைத்தது நேட்டோவின் இரு உயர் கட்டளைகளில் ஒன்றான, படைகளை எதிர்காலத்துக்குத் தயார்ப்படுத்தும் உருமாற்றக் கட்டளை. ஜெனரல் ஸ்டெபான் அப்ரியால் முதலாவதாகப் பொறுப்பேற்றார். அன்றுமுதல் அந்தப் பதவி பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருக்கிறது. அதன் தலைமையகம் எங்கே தெரியுமா? சர்ச்சில் விட்டுக்கொடுத்த அத்திலாந்திக் கட்டளை இருந்த அதே நோர்போக்.

கேள்வி: நேட்டோ இராணுவக் குழுத் தலைவரும் இணக்கத்தால்தான் வருகிறாரா?
*வாசகர், சுன்னாகம்*

பதில்: இல்லை. அங்கே நாடுகளின் முப்படைத் தலைமை அதிகாரிகள் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். 2023 செப்டெம்பரில் இத்தாலியின் அட்மிரல் காவோ டிராகோனே தெரிவானார், 2025 ஜனவரியில் பொறுப்பேற்றார். வாக்கெடுப்பு இருப்பதால் ஆற்றும் வேலையும் கூட. வென்ற தரப்பு எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லாமலிருப்பதே முதல் மரியாதை.

கேள்வி: இலங்கை எந்த இராணுவக் கூட்டிலும் இல்லை. என்றாலும் சர்வதேசப் பதவிகளில் நமக்கு இப்படி நடந்ததுண்டா?
*வாசகர், பருத்தித்துறை*

பதில்: உண்டு, இரண்டு விதமாகவும். 2003 டிசெம்பரில் அபுஜாவில் நடந்த பொதுநலவாய மாநாட்டில் லக்ஷ்மன் கதிர்காமர் நியூசிலாந்தின் டொன் மக்கினனை எதிர்த்துச் செயலாளர் நாயகம் பதவிக்குப் போட்டியிட்டார். வாக்கெடுப்பில் 40க்கு 11 என்று தோற்றார். அந்த எண் இன்றைக்கும் அவருடைய பெயரோடு எழுதப்படுகிறது. 2006இல் ஐ.நா. செயலாளர் நாயகம் பதவிக்கு நின்ற ஜயந்த தனபால, பாதுகாப்புச் சபையின் முன்னோட்ட வாக்கெடுப்புகளில் ஆதரவு போதாது என்று கண்டு செப்டெம்பர் 29இல் விலகிக்கொண்டார். சபை பான் கீ மூனை முறைப்படி பரிந்துரைத்தது ஒக்டோபர் 9இல். அந்தத் தீர்மானம் வந்தபோது இலங்கை போட்டியில் இருக்கவில்லை.