பின்வாசல் சாவி யாரிடம்? பள்ளிப் பாதுகாப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் எல்.கே.ஜி. படிக்கும் பள்ளி, பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் நடக்கிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பின்கதவு எந்நேரமும் பூட்டித்தான் கிடக்கிறது. கேட்டால் ‘பிள்ளைகள் ஓடிவிடும்’ என்கிறார்கள். தீப்பிடித்தால் எப்படி வெளியே வர வேண்டும் என்று பிள்ளைகளை எப்படிப் பழக்குவது? (காரைக்குடி வாசகி)

பதில்: முதலில் அந்தப் பூட்டு போக வேண்டும். பிள்ளைகளைப் பழக்குவது அதற்கு அப்புறம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, சமையல் கொட்டகையில் பிடித்துக் கூரைக்குத் தாவியது. பள்ளிகளில் கூரைக் கொட்டகை கூடாது என்பது அதற்குப் பிறகு ஊரறிந்த விஷயமாகிவிட்டது. வழியை அடைத்து வைக்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

பிள்ளை ஓடிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். அதற்குப் பூட்டு எதற்கு? பள்ளி நேரத்தில் மரக்கதவின் இரண்டு பலகைகளையும் முழுக்கத் திறந்து கொக்கி மாட்டிவிடுங்கள். அதற்கு வெளியே, தெருப் பக்கம் திறக்கும் கம்பி கேட் ஒன்று போட்டு, பெரியவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் சாவியில்லாத தாழ்ப்பாள் வைத்தால் போதும். பழைய கதவுகள் உள்பக்கமாகத் திறப்பவை. கூட்டம் முட்டிக்கொண்டு நின்றால் கதவை இழுக்கவே முடியாது.

இந்த வீடுகளில் இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று நிலைப்படி. அவசரத்தில் முதல் பிள்ளை அதில் தடுக்கி விழுந்தால் பின்னால் வருகிற பிள்ளைகள் அதன்மேல் விழும். இருபுறமும் மரத்தால் சரிவுப் பலகை அடியுங்கள். முடியாவிட்டால் மஞ்சள் பெயின்டாவது அடித்து, காலைத் தூக்கி வைத்துத் தாண்டத் தினமும் பழக்குங்கள். இரண்டாவது, வாசலில் குவிந்து கிடக்கும் செருப்பு. ஒத்திகை பார்த்தால் தெரியும்: பிள்ளைகள் தன் செருப்பைத் தேடி அங்கேயே குனிந்து நின்றுவிடும். செருப்பு அலமாரியை வழியிலிருந்து தள்ளிச் சுவரோரம் வைத்துவிட்டு, ‘மணி அடித்தால் வெறுங்கால், பை வேண்டாம், டிபன் பாக்ஸ் வேண்டாம்’ என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் சொல்லச் சொல்லுங்கள்.

வளவு முற்றம் திறந்திருந்தால் புகை மேலே போய்விடும். மழைக்கும் வெயிலுக்கும் பயந்து அதை ஷீட் போட்டு மூடியிருந்தால் புகை அங்கேயே தேங்கி மெல்லக் கீழே இறங்கும். சுத்தமான காற்று தரையை ஒட்டித்தான் இருக்கும். அதனால் பிள்ளைகளை முட்டி போட்டுத் தவழ்ந்து போகப் பழக்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு ‘புகை’ என்றால் விளங்காது. ஒரு போர்வையை இடுப்பளவு உயரத்தில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, அதற்கு அடியில் தவழ்ந்து போகச் சொன்னால் விளையாட்டாகவே கற்றுக்கொள்ளும்.

எந்த வகுப்பு எந்த வாசல் என்று முன்பே பிரித்துவிடுங்கள். முகப்புப் பக்க வகுப்புகள் முன்வாசல், அடுப்படிப் பக்க வகுப்புகள் பின்வாசல். தீ எரிவது அடுப்படியில் என்றால் எல்லோரும் முன்வாசல். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட நீளக் கயிறு வேண்டும். ஆளுக்கு ஒரு முடிச்சைப் பிடித்துக்கொள்ளும். முன்னால் டீச்சர், கடைசியில் ஆயாம்மா. அவர் கழிப்பறையையும் பெஞ்சுக்கு அடியையும் பார்த்துவிட்டு வர வேண்டும். பயந்த குழந்தை ஓடாது, ஒளியும். அறையை விட்டு வரும்போது கதவைச் சாத்த வேண்டும், தாழிடக் கூடாது. சாத்திய கதவு புகை பரவுவதைத் தாமதப்படுத்தும்.

வெளியே வந்ததும் வாசலிலேயே நிற்காதீர்கள். தீயணைப்பு வண்டி வர அந்த இடம் வேண்டும். தெரு தாண்டி ஒரு கோவில் திடலோ காலி மனையோ குறித்து வையுங்கள். வருகைப் பதிவேட்டைக் கையோடு எடுத்துவந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபாருங்கள். தலையை மட்டும் எண்ணினால் பக்கத்து வகுப்புப் பிள்ளை ஒன்று கணக்கில் சேர்ந்து, காணாமல்போன பிள்ளை மறைந்துவிடும். ஒருவர் குறைந்தால் தீயணைப்பு வீரர்களிடம் சொல்ல வேண்டும்; யாரும் திரும்ப உள்ளே போகக் கூடாது.

முதல் ஒத்திகையை முன்கூட்டியே சொல்லி நடத்தலாம். அடுத்தடுத்தவை சொல்லாமல் நடக்க வேண்டும். ஒன்றையாவது மதியச் சாப்பாட்டு நேரத்திலும், ஒன்றையாவது ‘முன்வாசலில் தீ’ என்று வழியை மறித்தும் செய்ய வேண்டும். பீரியட் மணியும் ஆபத்து மணியும் ஒன்றாக இருக்கக் கூடாது. கரண்ட் போனாலும் வேலை செய்ய ஒரு விசிலும் வேண்டும். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். அந்த வாரம் என்றில்லை, எழுதிக் கேட்டால் தீயணைப்பு நிலையத்தார் மற்ற நாளிலும் வந்து செய்து காட்டுவார்கள். பேசிப் பார்த்தும் பூட்டு போகவில்லை என்றால், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ல் புகார் சொல்லுங்கள்.

கேள்வி: பள்ளி மைதானத்தை ஒட்டிச் சீமைக் கருவேலங்காடு. பாம்பு அடிக்கடி கண்ணில் படுகிறது. கடித்தால் கட்டுப்போட வேண்டுமா, வேண்டாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். (புதுவயல் வாசகர், ஆசிரியர்)

பதில்: இறுக்கிக் கட்டவே கூடாது. ரத்த ஓட்டம் நின்று கை கால் அழுகிப் போகலாம்; அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் மொத்தமாக ஏறும். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எல்லாமே கெடுதல்.

மாணவனை அப்படியே உட்கார அல்லது படுக்க வையுங்கள். கடிபட்ட இடம் வீங்கும் என்பதால் கொலுசு, வளையல், மோதிரம், ஷூ எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல, இரண்டு நீளமான மரஸ்கேலை இருபுறமும் வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, அந்தக் காலோ கையோ அசையாமல் பாருங்கள். நடக்க விடாதீர்கள், தூக்கிச் செல்லுங்கள். கடித்த நேரத்தையும், வீக்கம் எதுவரை வந்திருக்கிறது என்பதையும் பேனாவால் தோலிலேயே குறித்தால் மருத்துவருக்கு உதவும். 108-ஐக் கூப்பிடும்போதே பாம்புக்கடி என்று சொல்லி, விஷமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று கேளுங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. நம் பக்கம் அதிகம் பயப்பட வேண்டிய நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது எல்லாம் பிறகுதான். ‘ஒன்றுமில்லை, எறும்பாக இருக்கும்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவது இதனால்தான் நடக்கிறது. சந்தேகம் என்றாலே மருத்துவமனை. மந்திரிக்கப் போகிற ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்காது.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: பந்து பொறுக்கப் புதருக்குள் போய்க் கடிபட்டிருந்தாலும் திட்ட மாட்டோம், உடனே சொல்லு. அடிக்குப் பயந்து மறைப்பதில்தான் நேரம் போகிறது. புதரை வெட்டுவது, செங்கல் குவியலை அகற்றுவது எல்லாம் பெரியவர்கள் வேலை.

கேள்வி: பள்ளி விட்டு வரும் வழியில் ஊருணி. மகனுக்கு நீச்சல் தெரியும். ஆனாலும் பயமாக இருக்கிறது. (தேவகோட்டை வாசகி)

பதில்: பயப்பட வேண்டியதுதான். நீச்சல் தெரிந்த பையன்தான் நண்பனைக் காப்பாற்றக் குதிப்பான். மூழ்குகிறவன் கைக்குக் கிடைத்ததைப் பிடித்து அதன்மேல் ஏறுவான், இருவரும் போய்விடுவார்கள். படித்துறையில் பாசி வழுக்கும். ஜேசிபி விட்டுத் தூர்வாரிய ஊருணியில் இரண்டாவது அடியிலேயே பள்ளம் இருக்கலாம்.

எனவே சொல்லிக் கொடுக்க வேண்டியது: குதிக்காதே, கத்து, எறி, நீட்டு. மூடி போட்ட காலி கேன், பிளாஸ்டிக் குடம் இரண்டுமே ஆளைத் தாங்கும். படியில் குப்புறப் படுத்துக்கொண்டு துண்டையோ கம்பையோ நீட்டலாம். நின்றுகொண்டு நீட்டினால் இழுபட்டு விழ வேண்டியதுதான்.

வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தை வீணாக்கும். வாந்தி நுரையீரலுக்குள் போகும். மூச்சில்லை என்றால் பெரியவர் ஒருவர் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊத வேண்டும். அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, 2 ஊதல் என்று 108 வரும்வரை தொடர வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஆழம் நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு. பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியலாம்.

கேள்வி: வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் மற்ற பிள்ளைகள் சாவியைக் கையில் வைக்க ஓடுகின்றன. (பள்ளத்தூர் வாசகி)

பதில்: இரும்பால் ஒரு பயனும் இல்லை. பெஞ்சை நகர்த்தி, தலைக்கடியில் பையை வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஒரு பிள்ளை கடிகாரம் பார்க்கட்டும். 5 நிமிடம் தாண்டினால் 108.

கேள்வி: ஐந்து வயதுக் குழந்தைக்கு எந்த எண்ணைச் சொல்லிக் கொடுப்பது? (கோட்டையூர் வாசகர்)

பதில்: 112, கூடவே வீட்டின் ஒரு கைப்பேசி எண். பத்து இலக்கத்தை மூன்று, மூன்று, நான்காகப் பிரித்துப் பாட்டாகச் சொன்னால் சில வாரங்களில் வந்துவிடும். எண்ணைவிட முக்கியமானது பெயர். அப்பா பெயர் என்ன என்றால் ‘அப்பச்சி’ என்றும், அம்மா பெயர் என்ன என்றால் ‘ஆத்தா’ என்றும் சொல்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு போலீஸ்காரர் என்ன செய்வார்? முழுப் பெயர், ஊர், தெருவைச் சொல்லப் பழக்குங்கள்.

பள்ளிக்கு அழைக்க யார் யார் வரலாம் என்று இரண்டு மூன்று பெயரைப் பள்ளியில் எழுதிக் கொடுங்கள். அதற்கு மேல் யாராவது வந்தால் குழந்தை கேட்க ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். சொல் தெரியாதவர் சித்தப்பாவே ஆனாலும், டீச்சர் உங்களிடம் போனில் பேசும்வரை வெளியில்தான் நிற்க வேண்டும்.