மரவீட்டுச் சுவருக்குள் தீ எப்படி ஏறுகிறது? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

நியூ ஜெர்சியில் பழைய மரவீடுகளைப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை என்னுடையது. வீட்டின் சட்டம் கட்டிய விதத்துக்கும் தீ பரவுவதற்கும் என்ன சம்பந்தம் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன்.

கேள்வி: அண்ணா, 1910-இல் கட்டிய இரண்டு மாடி வீடு ஒன்றைப் பேசி முடிக்கப் போகிறோம். வீட்டைச் சோதித்த இன்ஸ்பெக்டர் ‘பலூன் ஃபிரேமிங்’ என்று எழுதியிருக்கிறார். வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

விட வேண்டியதில்லை, ஆனால் என்ன வாங்குகிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள். 1830-களில் சிகாகோ பக்கம் தொடங்கி நூறு வருடம் போல ஓடிய முறை இது. வெளிச்சுவரில் செங்குத்தாக நிற்கும் ஸ்டட் கட்டைகள் அஸ்திவாரத்தின் மேலிருந்து கூரை வரை ஒரே நீளமாகப் போகும், மாடித் தரையைத் தாங்கும் கிடைக் கட்டைகளான ஜாயிஸ்டுகள் அந்த ஸ்டட்டுகளில் பதித்த ஒரு பலகையின் மேல் உட்காரும். ஏறக்குறைய 16 அங்குலத்துக்கு ஒரு ஸ்டட். இரண்டு ஸ்டட்டுக்கு நடுவே பேஸ்மென்ட் (நிலத்தடி அறை) முதல் அட்டிக் (கூரைக்கு அடியில் உள்ள இடம்) வரை குறுக்கே ஒரு கட்டைகூட இல்லாமல் வெறும் காலியிடம். கீழே பற்றிக்கொண்டால் அந்தக் காலியிடம் புகைபோக்கி மாதிரி தீயை மேலே இழுத்துவிடும். நடு மாடியில் படுத்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது, அதற்குள் அட்டிக் எரிந்துகொண்டிருக்கும். அதோடு மாடித் தரைக்குள் இருக்கிற ஜாயிஸ்ட் இடைவெளியும் இதே சுவருக்குள்தான் திறக்கிறது என்பதால் தீ பக்கவாட்டிலும் ஓடும். இப்படிப்பட்ட வீட்டில் தீ என்றால் தீயணைப்பு வீரர்கள் பேஸ்மென்ட்டோடு நிற்காமல் உடனே அட்டிக்குக்கும் ஆள் அனுப்பி, வெப்பக் கேமராவால் சுவரைப் பார்த்து, சந்தேகம் வந்த இடத்தை உடைத்துத் திறப்பது இதனால்தான்.

கேள்வி: இப்போது கட்டுகிற வீடுகளில் இந்தப் பிரச்சினை இல்லையா?

சுவரைப் பொறுத்தவரை பெரும்பாலும் இல்லை. இப்போது இருப்பது பிளாட்ஃபார்ம் ஃபிரேமிங். ஒரு மாடிச் சுவரை எழுப்பி, அதன் தலையில் குறுக்குக் கட்டை வைத்து மூடி, மேலே தரை போட்டு, அந்தத் தரையில் நின்றுதான் அடுத்த மாடிச் சுவரை எழுப்புகிறார்கள். அந்தக் குறுக்குக் கட்டையே ஒவ்வொரு மாடியிலும் தீயைத் தடுத்து நிறுத்துகிறது. ஆனால் அந்தக் கட்டையில் பிளம்பர் பெரிதாக ஒரு ஓட்டை போட்டுக் குழாயை இறக்கிவிட்டுச் சுற்றி அடைக்காமல் போனால் பழைய கதைதான். சமையலறைக் கேபினெட்டுக்கு மேலே பெட்டி மாதிரி இறக்கிய பகுதி, பாத்டப்புக்கு அடியில் குழாய்க்காக வெட்டிய ஓட்டை, மாடிப்படியின் அடிப்பகுதி, இந்த மூன்றையும் எந்த வீட்டிலும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீடு பலூனா இல்லையா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். அட்டிக்கில் கூரை சரிந்து வெளிச்சுவரைத் தொடும் ஓரத்துக்குப் போய் டார்ச் அடியுங்கள். ஸ்டட்டுகளுக்கு நடுவே கீழே இருட்டுப் பள்ளம் தெரிந்தால், ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டி இறக்குங்கள். அது பேஸ்மென்ட்டில் அஸ்திவாரத்தின் மேல் போய் நின்றால் சந்தேகமே வேண்டாம். பாதியில் நின்றால் யாரோ ஏற்கெனவே கட்டை அடித்திருக்கலாம், அல்லது பழைய பூச்சு உடைந்து விழுந்து கிடக்கலாம். ஒரு இடத்தோடு விடாமல் நாலைந்து இடத்தில் பாருங்கள். பேஸ்மென்ட்டிலிருந்து மேலே பார்த்தாலும் ஜாயிஸ்ட் முனைகளுக்குப் பக்கத்தில் சுவர் திறந்திருப்பது தெரியும்.

கேள்வி: இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சுவரை எல்லாம் உடைக்காமல் என்ன செய்யலாம்?

முதலில் பேஸ்மென்ட். ஒவ்வொரு ஸ்டட் இடைவெளியின் வாயையும் ‘டூ பை’ (சுமார் இரண்டு அங்குலத் தடிமன்) கட்டைத் துண்டை அளவாக வெட்டி அடைக்கலாம், அல்லது தீப்பிடிக்காத கல்நார் போன்ற பஞ்சான மினரல் வூலை இறுக்கமாகத் திணித்து அசையாதபடி நிறுத்தலாம். அப்புறம் அட்டிக் பக்கத்து வாயையும் அதே மாதிரி மூடுங்கள். வீட்டின் மற்ற வேலைகளோடு ஒப்பிட்டால் இதற்குச் செலவு குறைவு, இதை நான் எந்த அழகு வேலைக்கும் முன்னால் வைப்பேன். சாதாரண ஸ்ப்ரே ஃபோமை அடித்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள், அதுவே எரியும். சுவருக்குள் செல்லுலோஸை (காகித நாரால் ஆன வெப்பக் காப்புப் பொருள்) நெருக்கமாக நிரப்பினாலும் காற்று ஏறுவது வெகுவாகக் குறையும். ஆனால் அதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பழைய ‘நாப் அண்ட் ட்யூப்’ வயர் (பீங்கான் குமிழ்களிலும் குழாய்களிலும் இழுத்த பழங்கால மின்வயர்) உள்ளே இன்னும் மின்சாரத்தோடு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அந்த வயருக்குச் சுற்றிக் காற்று வேண்டும், மூடினால் சூடேறி நீங்களே தீக்கு வழி செய்தது போலாகும்.

கேள்வி: எங்களுடையது டொரண்டோவில் செங்கல் வீடு. தப்பித்தோம்தானே?

வெளியே தெரிகிற செங்கலை வைத்துச் சொல்ல முடியாது. நிறைய வீடுகளில் செங்கல் வெறும் போர்வை, பாரத்தைச் சுமப்பது உள்ளே இருக்கும் மரச்சட்டம்தான்.

கேள்வி: புது வீடு, பேஸ்மென்ட் மேலே ஐ-ஜாயிஸ்டுகள் (‘I’ எழுத்து வடிவில் ஆலையில் ஒட்டிச் செய்த தரைக் கட்டைகள்) திறந்தே இருக்கின்றன. பில்டர் ‘இது மரத்தைவிட பலம்’ என்கிறார்.

பாரம் தாங்குவதில் அவர் சொல்வது சரி. தீயில் நிலைமை வேறு. நடுவில் இருக்கிற ஓஎஸ்பி தகடு (மரச்சீவல்களை ஒட்டி அழுத்திய பலகை) மெல்லியது, சீக்கிரம் எரிந்துபோகும். அமெரிக்காவின் யூஎல் பாதுகாப்புச் சோதனை ஆய்வகம் 2008-இல் வெளியிட்ட சோதனையில், அடியில் மூடாத ‘டூ பை டென்’ (சுமார் 2 x 10 அங்குல முழுக்கட்டை) மரத்தரை 18 நிமிடத்துக்கு மேல் நின்றது. மூடாத ஐ-ஜாயிஸ்ட் தரை சுமார் 6 நிமிடத்தில் இடிந்தது. அடியில் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்த ஐ-ஜாயிஸ்ட் தரை 26 நிமிடம் தாண்டியது. ஒரு பலகையால் கிடைக்கிற நேரத்தைப் பாருங்கள். 2012-லிருந்து அமெரிக்க மாதிரி வீட்டு விதிகளும் இப்படிப்பட்ட தரைக்கு அடியில் பாதுகாப்பு கேட்கின்றன. உங்கள் ஊரில் கட்டாயமோ இல்லையோ, அடித்துவிடுங்கள்.

கேள்வி: ஊரில் கான்கிரீட் வீட்டில் இதெல்லாம் கிடையாது, இல்லையா சார்?

மாடிக்கு மாடி கான்கிரீட் தளம் இருக்கிறது, சுவருக்குள் காலியிடமும் இல்லை, அதனால் இந்த வகையில் தீ ஏறாது. ஆனால் அப்பார்ட்மென்ட்டில் மின்சாரக் கேபிள் போகிற டக்ட் ஒவ்வொரு தளத்திலும் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் கதவைத் திறந்து அண்ணாந்து பாருங்கள். மேல் மாடி வெளிச்சம் தெரிந்தால் அடுத்த சங்கக் கூட்டத்தில் முதல் வேலையாக அதை எழுப்புங்கள்.