நகையை அடகு வைக்க முதல் மகன்ட்ட ஒருக்கா கேளுங்க

அக்கா, நீங்க அனுப்பின வொய்ஸ் மெசேஜ் முழுக்கக் கேட்டன். மகன்ட ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) ரிசல்ட் வந்ததில இருந்து வீட்டில ஒருத்தருக்கும் ஒழுங்கா நித்திரை இல்ல, அண்ணா கடைக்குப் போனாலும் அதே யோசனை எண்டு சொன்னீங்க. முதல்ல ஒண்டு, ரிசல்ட் மோசமே இல்ல. எல்லாப் பாடமும் பாஸ், கணக்குக்கு சீ எண்ட திறமைச் சித்தி, விஞ்ஞானத்துக்கு எஸ் எண்ட சாதாரண சித்தி, இதை வச்சு அழுறதுக்கு ஒண்டுமில்ல.

ஆனா மெசேஜ்ட மிச்சப் பாதியைக் கேட்டபிறகு எனக்கு ஆறுதல் சொல்லுற எண்ணம் போயிட்டு. டொரண்டோவில இருக்கிற உங்கட தம்பி சொன்னாராம், இந்தக் காலத்தில சொப்ட்வெயார் டிகிரி இல்லாட்டி மனுசனே இல்லையாம், ஒரு பிரைவேட் கெம்பஸ்ல ஃபவுண்டேஷன் செஞ்சு அப்பிடியே வெளிநாட்டு டிகிரிக்குப் போகலாமாம், வெள்ளவத்தை பெரியம்மாவும் அதே கதையாம், அவட மகள் அங்கதானே படிச்சது. மொத்தச் செலவு இருபது லட்சத்துக்கு மேல. முதல் கட்டுக் காசுக்கு உங்கட நகையை செட்டியார் தெருவில வைக்கப் போறீங்க. இவ்வளவும் சொன்னீங்க, அதில மகன்ட விருப்பம் எண்டு வந்தது ஒரே ஒரு வரிதான்: "அவனுக்கு என்ன மிஸ் தெரியும், எந்த நேரமும் எதையாவது கழட்டிக்கொண்டு இருப்பான்."

அந்த ஒரு வரியைத்தான் நான் பிடிச்சுக்கொண்டு கதைக்கப் போறன்.

முதல்ல காசு. இதில நான் விட்டுக்கொடுத்துக் கதைக்க மாட்டன். ஃபவுண்டேஷன் எண்டுறது டிகிரி இல்ல, அது டிகிரிக்குள்ள போற கதவு மட்டும்தான், அந்தப் பிள்ளை நடுவில விட்டா கையில ஒண்டும் மிஞ்சாது, கட்டின காசும் திரும்பி வராது. அடுத்தது, அந்த டிகிரிட ஒரு பங்கை பவுண்ஸ்ல இல்லாட்டி டொலர்லதான் கட்டச் சொல்லுவாங்க. 2022 மார்ச் தொடக்கத்தில 200 ரூபா அளவில நிண்ட டொலர் மே மாசத்தில 360ஐத் தாண்டினது உங்களுக்கு மறந்திருக்காது, கேஸ் லைன்லயும் பெற்றோல் லைன்லயும் நாங்க எல்லாரும்தானே நிண்டம். அந்த வருசம் பாதி டிகிரில நிண்ட பிள்ளைகள்ட வீடுகள்ல என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியும். சம்பளம் ரூபாவில, ஃபீஸ் பவுண்ஸ்ல எண்டா அது கடன் மேல கடன். தம்பி காசு அனுப்புவார் எண்டுறீங்க. அவருக்கும் அங்க வீட்டு லோன் இருக்கு, பிள்ளைகள் இருக்கு. நாலு வருசம் ஒழுங்கா அனுப்புவாரா எண்டு உங்களாலயே உறுதியாச் சொல்ல ஏலாது, அனுப்பினாலும் அந்தப் பிள்ளை ஒவ்வொரு செமஸ்டரும் மாமாட காசில படிக்கிறன் எண்ட பாரத்தோடதான் பரீட்சை எழுதும்.

நான் மகனோட தனியா ஃபோன்ல கதைச்சன், உங்கட அனுமதியோடதான். சொப்ட்வெயார் பற்றிக் கேட்டன், "ஓம் மிஸ்" எண்டான், அதுக்கு மேல ஒண்டும் வரல்ல. பிறகு சும்மா, கடைசியா வீட்டில என்ன கழட்டினீர் எண்டு கேட்டன். அவ்வளவுதான், நிப்பாட்ட ஏலாமப் போச்சு. பக்கத்து வீட்டு சீலிங் ஃபேன் சத்தம் மட்டும் போடுது சுத்துதில்லையாம், தடியால தள்ளிவிட்டா மெதுவா சுத்துதாம், "அப்ப மோட்டர் வைண்டிங் சரி மிஸ், ஸ்டார்ட் ஆகத்தான் பலமில்ல, கெபாசிட்டர்தான் போயிருக்கும்" எண்டு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில போய் 2.5 மைக்ரோஃபராட் கெபாசிட்டர் ஒண்டு வாங்கி மாத்தியிருக்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்கல்ல. பழுதுட அறிகுறியைப் பாத்து, எது நல்லா இருக்கு எண்டு முதல்ல ஒதுக்கி, மிச்சமிருக்கிறதில காரணத்தைத் தேடுற இந்தப் பழக்கத்தைத்தான் டெக்னிக்கல் கொலேஜ்ல வருசக்கணக்காப் பழக்கப் பாக்கிறாங்க. உங்கட மகனுக்கு அது தானா வருது, அதை நீங்க குழப்படி எண்டு பாக்கிறீங்க.

பயோ, மெத்ஸ், கொமர்ஸ் பற்றி நான் இங்க எழுதல்ல, அதைச் சொல்ல கொழும்பு முழுக்க ரியூசன் போஸ்டர் இருக்கு. ஏ/எல்ல (உயர்தரத்தில) தொழில்நுட்பப் பிரிவு 2013ல தொடங்கினது, அதுவும் நல்லதுதான், ஆனா அதுவும் கடைசில பல்கலைக்கழக இடத்துக்கான இசட் ஸ்கோர் புள்ளி ஓட்டம்தான். நான் சொல்ல வாறது யாரும் திரும்பிப் பாக்காத ஒண்டு. 2017ல 13 வருட உத்தரவாதக் கல்வி எண்டு அரசாங்கம் கொண்டு வந்திச்சே, அதில பாடசாலைக்குள்ளயே தொழிற்பிரிவு இருக்கு, ஓ/எல் ரிசல்ட் எப்பிடி இருந்தாலும் சேரலாம், தரம் 12, 13 படிச்சு பயிற்சியும் முடிச்சா என்விக்யூ எண்ட தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்ல நாலாம் மட்டம் வரைக்கும் போகலாம். மின் இலத்திரனியல், ஓட்டோமொபைல், அலுமினிய வேலை எண்டு 26 பாடம். இந்தப் பிரிவுக்குப் போற பிள்ளைகளை 'படிக்க ஏலாததுகள்' எண்டு கதைக்கிறாங்க, எனக்கு அந்தக் கதையில சரியான கோவம். அப்பிடி ஒரு பாடசாலையில பிள்ளைகள் வச்ச கண்காட்சிக்குப் போயிருந்தன். ஒரு தங்கச்சி, பதினேழு வயசு இருக்கும், பலகையில மோட்டர் ஸ்டார்ட்டர் ஒண்டு வயர் பண்ணி வச்சிருந்தா. பச்சை பட்டனை அழுத்தி மோட்டரை ஓட்டிக் காட்டிட்டு, கையை எடுத்தாலும் ஏன் ஓடிக்கொண்டே இருக்கு எண்டு என்னட்டயே கேட்டா. நான் முழிக்க, கொன்டாக்டர்ல பக்கத்தில இருக்கிற சின்னக் கொன்டாக்டைக் காட்டி, இதுதான் தன்னைத்தானே பிடிச்சு வச்சிருக்கு, கரண்ட் போய் வந்தா மோட்டர் தானா ஸ்டார்ட் ஆகாது, அதனால பக்கத்தில நிக்கிற ஆள்ட கை தப்பும் எண்டு விளங்கப்படுத்தினா. வந்திருந்த அம்மாமார் எத்தினை பேர் அந்த மேசைக்குக் கிட்ட வராமலே கேக் ஸ்டோலுக்குப் போனாங்க எண்டு பாக்க மனசு கஷ்டப்பட்டிச்சு.

இப்ப உங்கட மகனுக்கு நான் சொல்லுற வேலை: குளிரூட்டல், வாயுச்சீராக்கம். எங்கட பாஷையில ஃப்ரிட்ஜ், ஏசி வேலை. முகத்தைச் சுளிக்காதீங்க அக்கா, முழுக்க வாசிங்க.

ஏசிக்கு 'கேஸ் அடிக்க' வாற ஆளை நீங்க பாத்திருப்பீங்க, வந்து ஒரு சிலிண்டரைக் கொழுவி, கொஞ்சம் புஸ்ஸெண்டு வெளில விட்டு, அரை மணித்தியாலத்தில காசு வாங்கிட்டுப் போயிடுவார், அடுத்த வருசம் திரும்பவும் அதே பழுது. முறையாப் படிச்ச ஆள் அப்பிடிச் செய்ய மாட்டார். கேஸ் குறைஞ்சா எங்கயோ லீக் இருக்கு, முதல்ல நைட்ரஜன் அடிச்சு பிரஷர்ல விட்டு லீக்கைப் பிடிக்கோணும். கொப்பர் பைப்பை வெட்டினா உள்விளிம்பில பிசிர் நிக்கும், அதைச் சுரண்டேக்க பைப் வாய் கீழ பாத்திருக்கோணும், இல்லாட்டி தூள் உள்ள விழுந்து கொம்பிரசருக்குப் போகும். பைப்பை நெருப்பில ஒட்டேக்க உள்ளால மெதுவா நைட்ரஜன் ஓட விடோணும், விடாட்டி உள்பக்கம் கறுத்துச் செதில் பிடிக்கும். பிறகு காத்தை உறிஞ்சுற வக்கியூம் பம்ப் போட்டு, உள்ள இருக்கிற பிரஷரை 500 மைக்ரோனுக்குக் (வெற்றிடத்தை அளக்கிற அலகு) கீழ இறக்கோணும், அந்த அளவு பிரஷர் குறைஞ்சா பைப்புக்குள்ள இருக்கிற ஈரம் அறைச் சூட்டிலயே கொதிச்சு ஆவியாகி வெளில வந்திடும், அந்த ஈரத்தை உள்ள விட்டா எண்ணெயோட சேந்து அமிலமாகி கொம்பிரசரைத் திண்டிடும். கடைசில கேஸை தராசில நிறுத்துத்தான் போடோணும், கைக் கணக்கில இல்ல. இது பௌதிகமும் இரசாயனமும் கைவேலையும் ஒண்டாச் சேந்த படிப்பு. விஞ்ஞானத்துக்கு எஸ் வந்த பிள்ளைக்கு இதெல்லாம் ஏறுமா எண்டு கேப்பீங்க. கையில பிடிச்சுப் பாத்தா ஏறும், ஏனெண்டா இவன் அப்பிடித்தான் படிக்கிற பிள்ளை.

இந்த வேலைக்கு நாள் இருக்கா எண்டா, இருக்கு. ஓசோன் படையைக் காக்க வந்த 1987 மொன்றியல் உடன்படிக்கைப்படி எங்களைப் போல நாடுகள் 2030க்குள்ள, பழைய ஏசிகள்ல இருக்கிற ஆர்22 மாதிரியான கேஸ் பாவனையை 97.5 வீதம் குறைச்சிருக்கோணும். கடைகள்ல இப்ப வாற புது ஏசியில ஆர்32, புது ஃப்ரிட்ஜ் கனக்கத்தில தீப்பிடிக்கிற ஐதரோகாபன் கேஸ். ஆர்32ட பிரஷர் ஆர்22ஐ விட ஒண்டரை மடங்குக்கும் மேல, அதுவும் தீப்பிடிக்கக் கூடியது. பழைய கையோட, பழைய கேஜோட இதைத் தொட ஏலாது. அப்ப முறையாப் படிச்ச புதுக் கைகள் தேவை, வெள்ளவத்தைல இருந்து வத்தளை வரைக்கும் எழும்புற ஒவ்வொரு ஃப்ளாட்டிலயும் எத்தினை அவுட்டோர் யூனிட் தொங்குது எண்டு பஸ்ல போகேக்க நிமிந்து பாருங்க.

இன்னொண்டு, கொட்டாஞ்சேனைல இருக்கிற உங்களுக்கே தெரியாதது. துறைமுகம் உங்கட வாசல்ல. ஒருகொடவத்தைப் பக்கம் கொன்டெய்னர் யார்ட்ல வெள்ளைப் பெட்டி கொஞ்சம் தனியா நிக்கும், ஒரு முனையில மெஷின் பூட்டினது, அதுதான் ரீஃபர், குளிரூட்டுற கொன்டெய்னர். உறைஞ்ச மீனும் இறாலும் -18 பாகையில போகும், வாழைப்பழம் எண்டா 13 பாகை அளவில, அதுக்குக் கீழ போனா தோல் கறுத்திடும். ஒரு பெட்டியைச் சாமான் ஏத்தக் குடுக்க முதல் பிடிஐ (பயணத்துக்கு முந்தின பரிசோதனை) எண்டு ஒரு சோதனை, மெஷினை ஓட விட்டு கொம்பிரசர், ஃபேன், டீஃப்ரொஸ்ட் ஹீட்டர், சென்சர் எல்லாம் ஒவ்வொண்டாப் பாத்து எழுதிக் கையெழுத்துப் போடோணும். 400 வோல்ட் அளவில மூண்டு பேஸ் கரண்ட், உள்ள ஒரு சின்னக் கொம்பியூட்டரும் இருக்கு. பழுது பாக்காம விட்டா ஒரு பெட்டிக்குள்ள இருக்கிற மீன் முழுக்க நாசம், அதனால இந்த வேலை தெரிஞ்ச ஆளுக்கு மரியாதை வேற. ஏசி படிச்சு முடிச்சு, மின்சாரம் வடிவாத் தெரிஞ்ச பிள்ளை இந்தப் பக்கம் திரும்பலாம். கரண்ட், கப்பல், சாமான் பரிமாற்றம், இங்கிலிஷ் எல்லாம் ஒண்டாப் பழகுற இடம்.

படிக்கிற இடம் தூரத்தில இல்ல. மருதானை தொழில்நுட்பக் கல்லூரி இருக்கு, 1893ல தொடங்கினது, கொழும்பில பல்கலைக்கழகக் கல்லூரி வர முதலே இருந்த இடம், அது வந்தது 1921ல. ஒருகொடவத்தையில தொழிற்பயிற்சி அதிகாரசபைட நிலையம். மொரட்டுவைல ஜெர்மன் டெக் எண்டுற இலங்கை-ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம், 1959ல தொடங்கினது, அங்க இடம் கிடைக்கிறது போட்டி. அரசாங்க இடங்கள்ல கனக்கக் கோர்ஸ்க்கு ஃபீஸ் இல்ல, சிலதுக்கு இருக்கலாம், சேர முதல் கேளுங்க. வகுப்பு முடிய பொதுவா ஆறு மாசம் அளவில வேலைத்தளப் பயிற்சியும் சேந்து என்விக்யூ 4. அதோட முடியிறதில்ல. 5, 6 டிப்ளோமா, ஏழாம் மட்டம் டிகிரி, இரத்மலானைல வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் 2008 சட்டத்தால வந்தது, அங்க இந்த வழியால வாற பிள்ளைகளுக்கு டிகிரி இருக்கு. பெரியம்மாக்கு டிகிரி கட்டாயம் வேணுமெண்டா அதுவும் இருக்கு, ஆனா அவன் உழைச்சுக்கொண்டே செய்யலாம்.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டன். மொட்டைமாடி வெயில், உயரத்தில பெல்ட் கட்டி நிண்டு வேலை, கரண்ட். பயிற்சிக் காலத்தில கைக்கு வாறது பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும்தான் காணும். பதினெட்டு முடியும் வரைக்கும் கனக்க இடத்தில சைட்டுக்கு எடுக்க மாட்டாங்க. பெல்ட் இல்லாம ஏறச் சொல்லுற முதலாளிட்ட இருந்து அண்டைக்கே மகனைக் கூட்டிக்கொண்டு வாங்க, சேர்ட்டிபிக்கேட் போனாலும் பரவாயில்ல. அடுத்தது பாஷை. கொழும்பில கனக்க வகுப்பு சிங்களத்தில நடக்கும், மகன் தெருவில சிங்களம் கதைப்பான், ஆனா நோட்ஸ் எடுக்கிறது வேற கதை, அதனால சேர முதல் எந்த மொழியில வகுப்பு, எந்த மொழியில பரீட்சை எழுதலாம் எண்டு நேர கேளுங்க.

பேப்பர்ல விளம்பரம் போடுற பிரைவேட் இடம் ஏதாவது பாத்தீங்க எண்டா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: நிலையம் அரசாங்கத்திட மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில பதிவா எண்டு இல்ல, இந்தக் கோர்ஸ் அங்க அங்கீகாரம் பெற்றதா எண்டு. ரெண்டும் வேற வேற. பதிவு இருக்கும், கோர்ஸ்க்கு அங்கீகாரம் இருக்காது, கடைசில பிள்ளைக்கு என்விக்யூ கிடைக்காம வெறும் கலர் பேப்பர் ஒண்டு தருவாங்க. ஆணைக்குழுட இணையத்தில நிலையம் பேரைப் போட்டு நீங்களே பாக்கலாம்.

சொந்தக்காரர் என்ன சொல்லுவாங்க எண்டு கேட்டீங்க. சொல்லுவாங்கதான். கல்யாண வீட்டில "மகன் என்ன செய்றார்" எண்டு கேக்கேக்க நீங்க தலையைக் குனிஞ்சா அவனும் குனிவான், அதுதான் எனக்குப் பயம், மற்றது ஒண்டுமில்ல. அண்ணா ஒருநாள் கடையைக் கொஞ்சம் பிந்தித் திறந்து, மகனோட மருதானைக்குப் போய், வேர்க்ஷொப்பை உள்ள போய்ப் பாக்க விடுவாங்களா எண்டு கேக்கட்டும். பிள்ளைட முகத்தை அங்க பாத்துட்டு முடிவெடுங்க. அவன் பாத்துட்டு வேண்டாம் எண்டா நானும் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன், வேற ஒண்டைத் தேடுவம். நகையை மட்டும் பெட்டிக்குள்ளயே வைங்க.

டொரண்டோத் தம்பி உதவி செய்யத்தான் போறார் எண்டா, மகன் சேந்து மூண்டு மாசம் போகட்டும், பிறகு ஒரு நல்ல மல்டிமீற்றரும் கேஜ் செட்டும் வாங்கக் காசு அனுப்பட்டும். வக்கியூம் பம்ப் மட்டும் அங்கயிருந்து வாங்கி அனுப்ப வேண்டாம் எண்டு சொல்லுங்க, கனடாவில 120 வோல்ட், இங்க 230, கொழுவின உடனே எரிஞ்சிடும். அதை இங்கதான் வாங்கோணும், எது வாங்கிறது எண்டு அப்ப மகனுக்கே தெரிஞ்சிருக்கும்.