உயரம், வெயில், தோட்டா: கேள்வி பதில்

துப்பாக்கிச் சுடும் விளையாட்டின் இயற்பியலைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றிருந்தேன். பாதிப்பேர் அப்படியே கேட்டார்கள். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

பிரிக்பீல்ட்ஸ்: சார், வெயில் நாளில் தோட்டா மேலே போய்ப் படும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். தோட்டாவுக்கு வெயிலும் தெரியாது, மலையும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் காற்றின் அடர்த்தி. கடல்மட்டத்தில், 15 டிகிரியில், ஒரு கனமீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. 30 டிகிரியில் அது சுமார் 1.16 கிலோ. ஐந்து சதவீதம் லேசு. தடை குறைவதால் தோட்டா இலக்கைச் சீக்கிரம் சேர்கிறது, கீழே விழ அதற்கு நேரம் போதவில்லை. ஈர்ப்பு விசை மாறவே இல்லை.

வெடிமருந்தின் சூடு தனிக் கணக்கு. சூடான மருந்து வேகமாக எரியும், குழலை விட்டுக் கிளம்பும் வேகமே கூடும். எவ்வளவு என்பது மருந்துக்கு மருந்து மாறும். தோட்டாப் பெட்டியை வெயிலில் வைத்துவிட்டுக் காற்றைத் திட்டாதீர்கள்.

பட்டர்வொர்த்: கேமரன் மலை உயரத்தில் 1,000 மீட்டர் சுட்டால் எவ்வளவு மாறும்?

கணக்குக்காகத்தானே கேட்கிறீர்கள்? சரி. கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஊர் சுமார் 1,440 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட 15 சதவீதம் குறைவு. ஆனால் குளிர் ஏறக்குறைய மூன்று சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். மிஞ்சுவது 12, 13 சதவீதம். சாதாரண .308 ரைபிளுக்கு 1,000 மீட்டரில் ஒரு மீட்டர் அளவுக்கு மேலே படலாம். 100 மீட்டரில் தேடினாலும் கிடைக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கைபேசியின் வானிலைச் செயலி அநேகமாகக் கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தத்தைத்தான் காட்டும். தானா ராத்தாவில் நின்றாலும் 1,010 என்று சொல்லும். நீங்கள் நிற்கும் இடத்தில் அசல் அழுத்தம் 855 ஹெக்டோபாஸ்கல் வாக்கில் இருக்கும். கைக்கருவியில் அசல் அழுத்தத்தை அளந்து, தோட்டாவின் பாதையைக் கணக்கிடும் செயலியில் போடுங்கள். போட்டபின் உயரத்தையும் சேர்க்காதீர்கள், இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

ஜெலுத்தோங்: பினாங்கு மலை உச்சியில் எப்படி?

833 மீட்டர். மேலே சொன்ன கணக்கில் பாதிக்குச் சற்று மேல்.

பூச்சோங்: 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கும் இதெல்லாம் பார்க்க வேண்டுமா?

வேண்டாம், மூச்சைப் பாருங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் மலேசிய வீராங்கனை நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பத்தோடு அந்தப் போட்டியில்தான் நின்று சுட்டார். உடம்பை அசையாமல் வைப்பதே அங்கே பெரிய வேலை.

ஆயர் ஈத்தாம்: மழைக்காலத்தில் காற்று ஈரமாகிக் கனத்துவிடுமே, தோட்டா கீழே படாதா?

தலைகீழ். ஈரக்காற்று லேசானது. நைட்ரஜன் மூலக்கூறின் எடை எண் 28, ஆக்சிஜனுக்கு 32, நீராவிக்கு 18. அழுத்தமும் வெப்பமும் ஒன்றாக இருந்தால் ஒரு கனமீட்டரில் அடங்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் ஒன்றுதான். ஆகவே ஆவி நுழைந்த அளவுக்குக் கனமானவை வெளியே. 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் காற்று ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமாக இளைக்கும், அவ்வளவுதான்.

கிள்ளான்: ஈரத்துணி கனம், ஈரமண் கனம், ஈரக்காற்று மட்டும் லேசா? என்ன சார் இது?

துணியில் தண்ணீர் கூடுதலாகச் சேருகிறது, துணியிலிருந்து எதுவும் வெளியேறவில்லை. காற்றில் ஆவி இடம்பிடிக்கிறது. இரண்டும் வேறு.

செராஸ்: அப்படியானால் மழைக்கு முன் மூச்சு முட்டுகிறதே, ஏன்?

வியர்வை காயவில்லை, உடம்பு தவிக்கிறது. அது உங்கள் தோலின் பிரச்சினை. தோட்டாவுக்கு வியர்க்காது.

கிள்ளான்: புத்தகத்தில் அப்படி இருக்கும். நடைமுறையில் ஈரக்காற்று கனம்தான்.

நடைமுறையையே பாருங்கள் அண்ணே. ஈரமும் சூடும் சேர்ந்த காற்று லேசாகி மேலெழுவதால்தான் பிற்பகலில் உங்கள் ஊரில் இடி இடிக்கிறது. கனமென்றால் தரையிலேயே கிடந்திருக்கும். இதற்கு மேல் இந்தச் சண்டையை என்னோடு போடாதீர்கள்.

கெப்போங்: கெந்திங் மலையில் சுட்டால் மேலே போகுமா?

போகும். பட்டர்வொர்த்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ரவாங்: கெந்திங்கில்...

படியுங்கள்.

சுங்கை பூலோ: ஏர் ரைபிளை இணையத்தில் வாங்கி வீட்டுக் கொல்லையில் பழகலாமா?

கூடவே கூடாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான், உரிமம் வேண்டும். முறையான சங்கத்தில் சேருங்கள்.

தஞ்சோங் பூங்கா: பூமி சுற்றுவதும் தோட்டாவைத் தள்ளும் என்கிறார்கள். நமக்கும் உண்டா?

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தேன். பக்கவாட்டுத் தள்ளல் அட்சரேகையைப் பொறுத்தது. பினாங்கு ஐந்தரை டிகிரி வடக்கில் இருப்பதால், 1,000 மீட்டருக்கு ஒன்றரை நொடி பறந்தாலும் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். 45 டிகிரி அட்சரேகையில் அதுவே ஏழெட்டு. ஆனால் மேல்கீழ் விளைவு நில நடுக்கோட்டில்தான் உச்சம்! அதே தோட்டாவைக் கிழக்கே சுட்டால் பத்துப் பதினோரு சென்டிமீட்டர் மேலே, மேற்கே சுட்டால் அவ்வளவு கீழே. ஐரோப்பியக் கையேட்டைப் பார்த்துப் பக்கவாட்டைத் திருத்திக்கொண்டிருந்தால், நம் ஊருக்குத் தேவையானதை விட்டுவிடுவீர்கள்.

ஷா ஆலம்: கணக்குப் போட எந்தச் செயலி நல்லது?

எதுவானாலும் சரி. அழுத்தம் கேட்கும் கட்டத்தில் எந்த அழுத்தத்தைப் போடுகிறீர்கள் என்பதை மட்டும் பாருங்கள்.